பௌர்ணமி நண்டில் சதை இருக்காதா? அறிவியல் முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு சேர்ந்தவர்களுக்கும் மாலை நேரத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முதல் பாடம் அறிவியல் முறைதான். கேள்விகளும் வருஷா வருஷம் அதேதான். பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் என்பதால் கேள்வியில் கொஞ்சம் மீன் வாடை இருக்கும். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம் என்று தோன்றியது.

புத்தகத்தில் ஆறு படி போட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்தால் போதாதா?

தேர்வுக்குப் போதும். உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, தரவை ஆராய்தல், முடிவு. இதை எழுதினால் மதிப்பெண் போடுவார்கள்.

ஆனால் யாரும் படிக்கட்டு ஏறுவது மாதிரி இந்த வரிசையில் போவதில்லை. பாதிச் சோதனையில் கேள்வியே தப்பு என்று தெரியும். முடிவைப் பார்த்த பிறகு, முதலில் கவனிக்காத ஒன்று கண்ணில் படும். திரும்பப் போவார்கள், முன்னால் வருவார்கள். நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: "நான் நினைப்பது தப்பாக இருந்தால், அது எனக்கு எப்படித் தெரியவரும்?" அதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஆறு படியும் அதற்கான ஏற்பாடுதான்.

உற்றுநோக்கலுக்கும் ஊகத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்று மாதிரித்தானே இருக்கிறது?

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியது நினைவிருக்கிறதா? நம் ஊரில் அதைப் பூங்கோரை என்பார்கள். கரையில் நிற்கிற பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் காரணம் வரும்: பாசி, கழிவு, வெயில், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்.

இதில் உற்றுநோக்கல் எது? தண்ணீர் பச்சை. செத்த மீன்கள் இத்தனை, இன்னின்ன வகை. ஒரு குவளையில் மொண்டு வைத்தால் கீழே இன்ன மாதிரி படிகிறது. அவ்வளவுதான். "பாசியால் மீன் செத்தது" என்பது ஊகம். நல்ல ஊகமாகவே இருக்கலாம், ஆனாலும் ஊகம். தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. இரவில் கடலை மின்னவைக்கிற வகையும் இதுதான். அது அங்கே ஏராளமாக இருந்தது என்பது மறுபடியும் உற்றுநோக்கல்.

சரி, அது மீனை எப்படிக் கொன்றிருக்கும்? தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மூச்சு முட்டியிருக்கலாம். அந்த உயிரி தன் உடலில் சேர்த்துவைக்கும் அம்மோனியா தண்ணீரில் கலந்திருக்கலாம். செவுள்கள் அடைபட்டிருக்கலாம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அறிவியல் ஆரம்பிப்பது அடுத்த வரியில்தான்: ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்றால், விடியற்காலையில் எடுத்த தண்ணீரில் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, மூச்சு மட்டும் நடக்கும். அம்மோனியா என்றால், ஆக்சிஜன் நன்றாக இருக்கிற இடத்திலும் மீன் செத்திருக்க வேண்டும். செவுள் என்றால், செத்த மீனின் செவுளைத் திறந்தாலே வழவழப்பு தெரிய வேண்டும். ஒவ்வொரு ஊகமும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு இடத்தைக் காட்டுகிறது. காரணம் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், அதுவும் இப்படித்தான் தெரியவரும்.

கருதுகோள் என்றால் சும்மா ஒரு யூகம்தானே?

யூகம்தான், ஆனால் மாட்டிக்கொள்ளத் தயாரான யூகம்.

நம் வீடுகளில் சொல்வது ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பௌர்ணமி நண்டு வாங்காதே, உள்ளே ஒன்றும் இருக்காது. அமாவாசை நண்டுதான் சதைப்பிடிப்பா இருக்கும்." சந்தையில் நண்டைக் கையில் எடுத்து எடை பார்த்து, தட்டிப்பார்த்து வாங்குகிற அம்மாக்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். இது கருதுகோளா? இன்னும் இல்லை. "ஒன்றும் இருக்காது" என்றால் எவ்வளவு? எந்த நண்டு? கழி நண்டா, நீலக்கால் நண்டா?

இப்படி மாற்றி எழுதலாம்: "ஓட்டின் அகலம் 12 முதல் 13 சென்டிமீட்டர் வரை உள்ள ஆண் நீலக்கால் நண்டுகளில், பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளில் பிடித்தவற்றின் சதை எடை, அமாவாசையை ஒட்டிய மூன்று நாளில் பிடித்தவற்றைவிடக் குறைவாக இருக்கும்." அழகாக இல்லை, தெரியும். ஆனால் இது தப்பாகப் போகக்கூடியது. தராசு ஒன்று இருந்தால் போதும், பொய்யென்று காட்ட முடியும். "நண்டுக்கும் நிலவுக்கும் ஏதோ தொடர்பு இருக்கு" என்பதை எந்தத் தராசாலும் தோற்கடிக்க முடியாது. அதனால்தான் அது கருதுகோள் ஆகாது.

சார்பற்ற மாறி, சார்ந்த மாறி எப்பவும் குழம்புகிறது. ஞாபகம் வைக்க வழி இருக்கிறதா?

நண்டையே வைத்துக்கொள்ளுங்கள். நிலவின் நாள் சார்பற்ற மாறி. நண்டு என்ன ஆனாலும் நிலவு தன்பாட்டுக்குத் தேயும், வளரும். சதையின் எடை சார்ந்த மாறி. எதை மாற்றுகிறோமோ அல்லது எது தானாக மாறுகிறதோ அது முதலாவது. எதை அளக்கிறோமோ அது இரண்டாவது.

தலைவலி இந்த இரண்டில் இல்லை, மூன்றாவதில்தான். அதாவது மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஆண் நண்டுக்கும் பெண் நண்டுக்கும் சதை ஒரே மாதிரி இருக்காது. சினை நண்டென்றால் கணக்கே வேறு. அடிவயிற்று மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று இருந்தால் பெண். இது பிள்ளைகளுக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் ஓடு கழற்றுதல். புதிதாக ஓடு மாற்றிய நண்டு வெளியில் பெரிசாகத் தெரியும், உள்ளே தண்ணீர்தான் நிறைய இருக்கும்; சதை மெல்ல மெல்லத்தான் வளர்ந்து ஓட்டை நிரப்பும். எனவே ஓடு மெத்தென்று இருக்கிற நண்டை என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். எடைபோட்ட பிறகு முடிவு செய்தால், நமக்குப் பிடித்த பதிலுக்கு ஏற்ற மாதிரிதான் முடிவு செய்வோம்.

எத்தனை நண்டு எடைபோட வேண்டும்?

"நிறைய" என்பது ஒரு பதில். அது முழுப் பதில் இல்லை.

ஒரு மாணவி, நல்ல கெட்டிக்காரி, ஒரு பௌர்ணமியில் 40 நண்டு, அதற்கடுத்த அமாவாசையில் 40 நண்டு என்று திட்டம் போட்டு வந்தாள். எண்பது நண்டு என்றால் பெரிய எண்ணிக்கைதானே? நண்டுகளின் எண்ணிக்கை எண்பது, ஆனால் பௌர்ணமி எத்தனை? ஒன்றே ஒன்று. அந்த வாரம் மழை பெய்து ஆற்று முகத்தில் உப்பு குறைந்திருந்தால்? அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில் காற்று மாறி, படகுகள் வேறு இடத்தில் வலை போட்டிருந்தால்? நிலவைத் தவிர வேறு நூறு விஷயம் மாறியிருக்கலாம். ஆறு பௌர்ணமி, ஆறு அமாவாசை, ஒவ்வொன்றிலும் பத்து நண்டு என்று எடுத்தால்தான் நிலவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். "அப்போ ஆறு மாசம் ஆகுமே சார்" என்றாள். ஆகும்தான்.

எடைபோடுகிறவருக்கு அது பௌர்ணமி நண்டு என்று ஏன் சொல்லக் கூடாது? தராசு பொய் சொல்லாதே?

தராசு சொல்லாது. கை சொல்லும். அவித்த நண்டில் சதை எடுக்கிற பெண்களின் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். கால் கணுவின் மூலையில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுப்பதா, விட்டுவிடுவதா என்பது ஒரு நொடித் தீர்மானம். "இதில் ஒன்றும் இருக்காது" என்று நம்புகிறவர் சுரண்ட மாட்டார். வேண்டுமென்றே செய்வதில்லை, யாரும் அப்படித்தான். ஆகவே நண்டுகளை ஐஸில் வைத்து, பைகளில் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்த நாள் என்ற தாளை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லா எடையும் எழுதி முடித்த பிறகு தாளைத் திறந்தால் போதும்.

இன்னொரு பொறியும் உண்டு. நிலா வெளிச்சத்தில் எந்த நண்டு வலைக்கு வருகிறது, எது மணலுக்குள் பதுங்குகிறது என்பதே மாறலாம். அப்படியானால் கடலில் உள்ள நண்டுகள் மாறவில்லை, நம் கூடைக்கு வந்த நண்டுகள்தான் மாறியிருக்கின்றன. மாதிரி எடுப்பது என்பதில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். நாம் கடலைப் பார்ப்பதில்லை, வலை காட்டுகிற கடலைத்தான் பார்க்கிறோம்.

கடைசியில் சதை இருக்குமா இருக்காதா? அதைச் சொல்லுங்கள்.

அதை நீங்கள்தான் எடைபோட்டுச் சொல்ல வேண்டும். வேறொரு ஊரில் இதே மாதிரிக் கேள்விக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

எகிப்தில் சூயஸ் துறைமுகத்திலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் நம் ஊருக்கு நேர் எதிர்: பௌர்ணமியில் நிறைந்திருக்கும், அமாவாசையில் காலியாக இருக்கும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே கிரேக்கர்களும் கடல் முள்ளெலிகளைப் பற்றி (உடம்பெல்லாம் முள் உள்ள உருண்டைக் கடல் உயிரி) அப்படிச் சொன்னார்கள். 1920-களில் முன்ரோ ஃபாக்ஸ் என்ற விலங்கியலாளர் சூயஸுக்குப் போய் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். சூயஸில் உள்ள ஒரு கடல் முள்ளெலியின் இனப்பெருக்க உறுப்புகள் நிலவின் சுழற்சிப்படியே பெருத்துச் சிறுப்பது உண்மை என்று கண்டார். மத்தியதரைக் கடல் பக்கத்து முள்ளெலிகளில் அப்படி ஒரு சுழற்சியும் தெரியவில்லை. நம்பிக்கை ஒன்றுதான், ஒரு கடலில் ஒரு இனத்துக்குச் சரி, இன்னொரு கடலில் இன்னொரு இனத்துக்கு இல்லை. "பழைய ஆட்கள் சொன்னால் சரி" என்பவர்களுக்கும் சங்கடம், "எல்லாம் மூடநம்பிக்கை" என்பவர்களுக்கும் சங்கடம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கட்டுப்பாட்டுத் தொகுதி எதற்கு? சோதனை செய்கிற டம்ளர் ஒன்று போதாதா?

பச்சைப்பயறு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கடல் தண்ணீரில் பயறு முளைக்குமா? டம்ளரில் ஈரப் பஞ்சு, அதன்மேல் 20 பயறு, மூன்று நாள். முளைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "உப்பு காரணம்" என்று எழுதிவிடலாமா? பயறே பழசாக இருந்திருந்தால்? அதனால்தான் பக்கத்தில் நல்ல தண்ணீரில் இன்னொரு டம்ளர் வைக்கிறோம். அதுதான் கட்டுப்பாட்டுத் தொகுதி. அது இல்லாமல் எதற்கும் அர்த்தம் இல்லை.

முதல் தடவை இதை வகுப்பில் செய்துகாட்டியபோது என் மானம் போயிற்று. நல்ல தண்ணீர் டம்ளரிலும் பயறு சரியாக முளைக்கவில்லை. கொல்லைப்புறத்து போர் தண்ணீரை ஊற்றியிருந்தேன். நம் கரையில் போர் தண்ணீரில் டீ போட்டாலே பால் திரியும், அவ்வளவு உப்பு. பத்து வருஷமாக அதே தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிற எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. கட்டுப்பாடே கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு பையன் சத்தமாகச் சொன்னான். இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறேன். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீர்.

அதோடு முடியவில்லை. கேன் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் வித்தியாசம் உப்பு மட்டுமா? கடல் தண்ணீரில் நுண்ணுயிர்கள், பாசி, ஏன், படகு டீசல்கூட இருக்கும். உப்புதான் காரணம் என்று சொல்ல வேண்டுமென்றால் மூன்றாவது டம்ளர் வேண்டும்: கேன் தண்ணீர் 1 லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு. கடலில் உப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு பாதிக்குப் பாதி, காலுக்கு முக்கால் என்று கலந்து இன்னும் இரண்டு. எல்லா டம்ளரும் ஒரே இடத்தில், ஒரே நிழலில். ஜன்னலோரம் ஒன்று போய்விட்டால் வெயிலும் ஒரு மாறி ஆகிவிடும்.

இன்னும் ஆசை இருந்தால், மூன்று நாளில் முளைக்காத பயறுகளைக் கழுவி நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். அப்போது முளைத்தால், உப்பு விதையைக் கொல்லவில்லை, தண்ணீரை உள்ளே போகவிடாமல் தடுத்திருக்கிறது. சவ்வூடு பரவல் பாடத்தில் படித்ததுதான். அப்போதும் முளைக்காவிட்டால் உப்பு உள்ளே போய்க் கெடுத்திருக்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு கைப்பிடி பயறில் இரண்டு விளக்கங்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பழைய காலத்துச் சோதனை ஒன்றையாவது கட்டாயம் படிக்க வேண்டும் என்றால் எது?

ரெடி. பெயரே அப்படித்தான்: பிரான்செஸ்கோ ரெடி, இத்தாலிக்காரர், 1668. கருவாடு காயப்போடுகிற ஊர்க்காரர்களுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி.

அப்போது புழு அழுகிய இறைச்சியிலிருந்து தானாகத் தோன்றுகிறது என்று நம்பினார்கள். நம்பியதில் ஆச்சரியம் இல்லை; உப்புப் போடாமல் மீனை இரண்டு நாள் வெளியே வைத்துப் பாருங்கள், நீங்களும் நம்புவீர்கள். ரெடி குடுவைகளில் இறைச்சியும் மீனும் போட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் புழு, மூடியவற்றில் இல்லை. ஈதான் காரணம் என்று முடித்திருக்கலாம். ஆனால் ஒரு எதிர்வாதம் இருந்தது: மூடினால் காற்றும் போகவில்லையே, காற்று இல்லாததால்தான் புழு உண்டாகவில்லையோ என்னவோ? இந்த இடத்தில்தான் ரெடியின் அழகு. மூடுவதற்குப் பதில் மெல்லிய வலைத்துணி கட்டினார். காற்று போகும், ஈ போகாது. இறைச்சியில் புழு இல்லை. காற்றையும் ஈயையும் பிரித்துவிட்டார், ஒரு துண்டுத் துணியால்.

இன்று கருவாட்டுக் களத்தில் கொசுவலை போட்டு மூடுகிறவர்கள் செய்வதும் அதேதான். ஒரு வேடிக்கை: இத்தனை செய்த ரெடியே, செடிகளில் வீக்கம் மாதிரி வரும் கரணைகளுக்குள் இருக்கிற பூச்சிகள் செடியிலிருந்தே உண்டாகின்றன என்று நினைத்தார். நுண்ணுயிர்கள் விஷயத்தில் அந்த வாதம் ஓய்வதற்கு 1860-களில் பாஸ்டரின் அன்னக்கழுத்துக் குடுவை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடலையே டம்ளரில் போட முடியாதே. பவளப்பாறை மாதிரி விஷயத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு வழியிலும் வருவார்கள். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நிறமும் உணவில் பெரும்பகுதியும் அவை கொடுப்பது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடும், வெள்ளை எலும்புக்கூடு வெளியே தெரியும். வெளுத்தல் என்பது அதைத்தான். சிறு பவளத் துண்டுகளைத் தொட்டிகளில் வைத்து, தொட்டிக்குத் தொட்டி வெப்பத்தை மாற்றிப் பார்க்கலாம். அது சோதனை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் பரவலாக வெளுத்தன. அதை யாரும் செய்யவில்லை, கடல் செய்தது. ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் மூழ்கி அளந்தார்கள். தொட்டியில் காரணத்தைச் சுத்தமாகப் பிரிக்கலாம், ஆனால் தொட்டி கடல் இல்லை. கடலில் எல்லாம் கலந்து கிடக்கும், ஆனால் அதுதான் நிஜம். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டும்போது நம்பிக்கை வரும்.

சீமைக் கருவேலம் இருக்கிற இடமெல்லாம் வறட்சி. அப்போ அதுதானே நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது?

இந்தக் கேள்வி வந்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

முதலில் ஒன்று: நான் அந்த மரத்துக்கு வக்கீல் இல்லை. அதன் கீழே வேறு செடி தலையெடுக்கத் திணறுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் "கருவேலமும் வறட்சியும் சேர்ந்தே இருக்கின்றன" என்பதிலிருந்து "கருவேலத்தால் வறட்சி" என்று தாவ முடியாது. ராமநாதபுரம் அது வருவதற்கு முன்பே வானம் பார்த்த பூமி. வறட்சியைத் தாங்கும், விறகு கொடுக்கும் என்பதற்காகவே அதைப் பரப்பினார்கள். அதாவது வறட்சி முதலில், மரம் பிறகு. குடை பிடித்தவர்கள் அதிகம் நடமாடும் நாளில் மழை பெய்கிறது. குடையால் மழை வரவில்லை. இப்படிச் சேர்ந்து வருவதைத் தொடர்பு என்போம். அது காரணமாக இருக்கலாம், காரணம் தலைகீழாக இருக்கலாம், அல்லது இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கலாம்.

எப்படிச் சோதிப்பது? ஒரே மண், ஒரே மழை உள்ள இரண்டு கண்மாய்ப் பகுதிகள். ஒன்றில் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும், மற்றதில் விட்டுவிட வேண்டும். வெட்டுவதற்கு முன்னும், வெட்டிய பிறகு சில வருஷமும், இரண்டு இடத்திலும் கிணற்று மட்டத்தை மாதாமாதம் அளக்க வேண்டும். வெட்டிய இடத்தில் மட்டம் ஏறியது என்பது போதாது. வெட்டாத இடத்திலும் அதே அளவு ஏறியிருந்தால் அது மழையின் கைங்கரியம். "காற்றிலுள்ள ஈரத்தை இலை உறிஞ்சிவிடுகிறது" என்று சொல்பவர்களிடம், இலைகள் பொதுவாக நீராவியை வெளியே விடுகின்றன என்ற நீராவிப்போக்குப் பாடத்தை மட்டும் நினைவூட்டுவேன். பிறகு சத்தம் போடுவார்கள்.

பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஆவுளியாவை நான் பார்த்ததே இல்லை.

நானும் உயிரோடு பார்த்ததில்லை. ஆவுளியா என்கிற கடற்பசு கடற்புல்லை மேய்ந்துபோன இடத்தில் புல் இல்லாத கோடு ஒன்று விழும், வயலில் மாடு மேய்ந்த மாதிரி. அந்தக் கோடு, கரை ஒதுங்கிய உடல், வலைக்காரர்கள் சொல்லும் நாளும் இடமும், எல்லாம் சான்றுதான். மறுபக்கம், "நான் பார்க்கவில்லை" என்பதும் ஒரு தகவலே. ஆனால் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், எவ்வளவு தெளிவான தண்ணீரில் தேடினீர்கள் என்று சேர்த்து எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

பரிணாமக் கோட்பாடு "வெறும் கோட்பாடுதானே" என்கிறார்கள்?

பேச்சுவழக்கில் "அது உன் தியரி" என்றால் உன் கற்பனை என்று பொருள். அறிவியலில் அப்படி இல்லை. பலவிதமான உண்மைகளைச் சேர்த்துக் கட்டி, புதிதாக எதைக் காணலாம் என்றும் சொல்லி, பலமுறை மாட்டாமல் தப்பித்துவந்த விளக்கத்துக்குத்தான் கோட்பாடு என்று பெயர். செல் கோட்பாடும் கோட்பாடுதான். உயிரினங்கள் செல்லால் ஆனவை என்பதை யாரும் "வெறும்" என்று சொல்வதில்லை. விதி என்பது வேறு: என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்வது. கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகி, கோட்பாடு பதவி உயர்வு பெற்று விதியாகும் என்று ஒரு ஏணிப்படம் போடுவார்கள். அதை மறந்துவிடுங்கள்.

அறிவியல் எதையாவது நூற்றுக்கு நூறு நிரூபிக்குமா?

கணக்கில் நிரூபிக்கலாம். உயிரியலில் "இதுவரை கிடைத்த சான்றுகள் இப்படிச் சொல்கின்றன" என்பதுதான் உச்சம். சீலகாந்த் என்ற மீன் புதைபடிவங்களில் மட்டும் தெரிந்த ஒன்று. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது என்று நினைத்தார்கள். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையில் ஒரு இழுவைமடிப் படகில் அது வந்தது. அங்கிருந்த சிறு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர், குவியலில் கிடந்த அந்த நீல மீனைப் பார்த்து ஏதோ வித்தியாசம் என்று எடுத்துவைத்தார். ஆயிரம் வெறும் வலை "இல்லை" என்பதை உறுதி செய்யாது. ஒரே ஒரு வலை அதைக் கவிழ்த்துவிடும்.

எங்க அப்பா காற்றைப் பார்த்தே கடல் சொல்வார். அது அறிவியலா இல்லையா?

பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று நம்மவர்கள் சொல்வதில் நிறைய உற்றுநோக்கல் இருக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும், வாடைக்காற்றில் தலைகீழ். இதைத் தப்பாகச் சொன்னால் அன்றைக்கே உயிருக்கு ஆபத்து. அதாவது தினமும் சோதிக்கப்படுகிற கணிப்பு. இதை அறிவியல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று மட்டும் கேளுங்கள். "கிழக்கே மேகம் இப்படிக் கட்டினால் நெத்திலி வரும்" என்று அப்பா சொன்னால், அப்படி மேகம் கட்டியும் நெத்திலி வராத நாள் எத்தனை என்று கேளுங்கள். வந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும், ஏலத்தில் விலை வந்ததுகூட நினைவிருக்கும். வராத நாளை யார் எண்ணுகிறார்கள்? ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து இரண்டையும் எழுதச் சொன்னால் போதும். அப்பாவுக்கு எழுத நேரமில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள்.

செய்முறைக்காகக் கடலிலிருந்து எதைப் பிடித்துவரலாம்?

கவனம். கடல் அட்டை, கடல் குதிரை, பாறை கட்டும் பவளம் இவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. சில சங்கு, சோழி வகைகளும் உண்டு. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை, குருசடை உட்பட; வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. சந்தையில் வாங்கிய நெத்திலியும் நண்டும், சமையலில் ஒதுக்கிய செவுளும் செதிலும், தண்ணீர் ஒரு பாட்டில். முதலாண்டுக்கு அதுவே அதிகம்.

பதிவேட்டில் தப்பாக எழுதிய எண்ணை ரப்பர் போட்டு அழிக்கலாமா?

கூடாது. ஒரு கோடு மட்டும் இழுங்கள், கீழே இருக்கிற எண் படிக்க முடியவேண்டும். பக்கத்தில் சரியான எண், தேதி, எதனால் மாற்றினீர்கள் என்று இரண்டு வார்த்தை. சில வருஷம் முன்பு ஒருவன் 68 கிராம் என்பதை அழித்துவிட்டு 86 என்று எழுதிவைத்திருந்தான். மற்ற நண்டுகளோடு ஒத்துப்போகவில்லை, தப்பாக எழுதியிருப்பேன் என்று நினைத்தானாம். அந்த நண்டு ஓடு மாற்றியது என்று அதற்கு முந்தின வரியில் அவனே எழுதியிருந்தான். 68-தான் சரி.

இன்னொன்று, படகில் போகும்போது பென்சில் கொண்டுபோங்கள். ஜெல் பேனாவில் எழுதியது ஒரு அலை தெறித்தால் நீலக் கறையாகிவிடும்.